சயாம் இறாலும் பதினோராம் விதியும்

போன வாரம் சரோஜா வீட்டுக்கு வந்தாள். நான் விட்டுவந்த மேசையில் இப்போது உட்காருகிறவள் அவள். தினமும் புக்கிட் ரம்பாயிலிருந்து பஸ்ஸில் மலாக்கா டவுனுக்கு வருகிறாள். கல்யாணத்தோடு பெண்கள் வேலையை விடுவது எங்கள் பதவியில் இன்னமும் வழக்கமாக இருப்பதால், முப்பது வயது ஆகுமுன்பே நான் ஓய்வு பெற்றவள் ஆகிவிட்டேன். நரை விழாத தலையோடு ‘அந்தக் காலத்தில்’ என்று பேசுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனாலும் அவள் கேட்ட கேள்விக்கு வேறு வழியில் பதில் சொல்ல முடியாது.

“அக்கா, புது போத்தல் வந்திருச்சு. திருகு மூடி. பழைய கண்ணாடி அடைப்பான் போத்தலையெல்லாம் ஸ்டோர்ல தூக்கிப் போட்டாச்சு. சுவத்துல இருக்கே பதினோராவது விதி, அத இனிமே அடிச்சிடலாமான்னு கேக்குறாங்க.”

எங்கள் ஆய்வுக்கூடம் நீரையும் உணவையும் சோதிக்கும் சிறிய இடம். அதன் சுவரில் மாதிரி எடுக்கும் விதிகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். முதல் பத்தும் தட்டச்சு செய்தவை. பதினோராவது மட்டும் கையெழுத்து. தமிழில் சொன்னால் இப்படி: ‘போத்தலை விளிம்புவரை நிரப்புக. ஐஸ் போத்தலின் தோளுக்கு மேல் ஏறக் கூடாது.’

“அது யாரு எழுத்துக்கா?”

“நல்லதம்பி சாரோடது.”

“எதுக்கு எழுதினாரு?”

“நான் செஞ்ச தப்புக்கு.”

சரோஜா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “சும்மா சொல்லாதீங்க. பென்சிலுக்குக்கூட லிஸ்ட் வச்சிருந்த ஆளு நீங்க!”

காட்டுவதற்குக் கொண்டுவந்த புதிய போத்தலை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள், அவளுடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நின்று சொல்லி முடிக்கிற கதையும் அல்ல. அதனால் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பினாங்கில் ஒன்றரை வருடம் கண்ணாடிக் குழாய் கழுவினேன், கிருமி எண்ணினேன், கை சுட்டுக்கொண்டேன். அங்கிருந்து மலாக்காவுக்கு வந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. என் மேலதிகாரி திரு. நல்லதம்பி யாழ்ப்பாணத்தவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முடிவு சொல்ல யார் அவர் முன் போய் நின்றாலும் பேனாவின் மூடியைத் திருகி மூடுவார். பிறகு கையை மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்பார்.

முதல் வாரம் நான் “இந்தக் கிணத்துத் தண்ணி கெட்டுப்போயிருக்கும்னு நினைக்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டேன்.

“நினைச்சதைச் சொல்லாதையும் பிள்ளை. அளந்ததைச் சொல்லும்.”

இரண்டாவது பாடம் அடுத்த வாரம் கிடைத்தது. குறிப்பேட்டில் தவறாக எழுதிய ஓர் எண்ணை ரப்பரால் அழித்திருந்தேன். அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “அழிக்க வேண்டாம். ஒரு கோடு போதும். கீழ இருக்கிறதை வாசிக்க ஏலவேணும்.” அன்றிலிருந்து என் ரப்பர் இழுப்பறையிலேயே கிடந்து காய்ந்துபோனது.

மெர்டேக்கா, மலாயாவின் சுதந்திர நாள், வந்தது. டவுன் முழுக்கக் கொடி. அந்த ஞாயிற்றுக்கிழமை காஜா பெராங்கில், மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டிக்குள் இருந்த ஒரு வீட்டில் நிச்சயதார்த்த விருந்து நடந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் விருந்துக்குப் போனவர்களில் பாதிப்பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்தன. யாரும் இறக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது.

புதன்கிழமை காலை படிவத்தோடு வீடு வீடாகப் போனேன். செட்டி வீடுகளில் தமிழ் பேசுகிறவர்கள் குறைவு. கழுத்தில் தாலி, வாசலில் மாவிலை, பேச்சு முழுவதும் மலாய். எல்லா வீட்டிலும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். ஊடாங் சயாம். சயாம் இறால்.

“பச்சையா இறால் சாப்பிட்டா வேறென்ன ஆவும்?” என்று நிச்சயப் பெண்ணின் தாய்மாமன் மலாயில் கத்தினார். “அவன் என் தங்கச்சி புருசன்தான். அதுக்காகச் சும்மா விடணுமா?”

அவர் சொன்ன தங்கச்சி புருசன்தான் கோபால். தமிழர், நாற்பது வயதிருக்கும். செட்டிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு கம்போங்குக்கு அடுத்த சந்தில் இருந்தார். உப்பும் காரமும் சேர்ந்த நீரில் பச்சை இறாலை ஊறவைத்து விற்பது அவர் தொழில். ஒரு ஜாடி இறாலை விருந்துக்குச் சீராகக் கொடுத்திருந்தார்.

அவர் வீட்டுக்குப் போகும் வழியில் என் மனதுக்குள் ஒரு பட்டியல் தயாராகிவிட்டது. ஈ, அழுக்குத் துணி, வாளித் தண்ணீர், நகத்தில் மண். நான் எதிர்பார்த்தவை இவை. சமையலறைக்குள் நுழைந்தேன். ஒன்றுகூட இல்லை.

சிமெண்டுத் தரை வெளுத்திருந்தது. சுவரோரம் ஏழு மண் ஜாடிகள். ஒவ்வொன்றின் வாயிலும் கொதிக்க வைத்துக் காயவைத்த துணி. மூங்கில் இடுக்கிகள் ஏழு, ஜாடிக்கு ஒன்று. ஒரு ஜாடியின் இடுக்கி இன்னொன்றுக்குள் போகாது. பென்சிலால் ஒரு துணியின் ஓரத்தைத் தூக்கப் போனேன். உள் அறைக் கட்டிலிலிருந்து ஒரு பெண் குரல் பலவீனமாக, ஆனால் அதட்டலாக வந்தது.

“ஜாங்ஙான் பெகாங்!”

தொடாதே என்று. கோபாலின் மனைவி மங்களம்தான். அவரும் விருந்துக்குப் போய்வந்து விழுந்தவர்களில் ஒருவர். எழுந்து நிற்க முடியாத நிலையிலும் அவருடைய கண் ஜாடியின் மேல்தான் இருந்தது.

“அவ திட்டுறான்னு நெனைக்காதீங்க மிஸ். நானா இருந்தா கையத் தட்டிவிட்டிருப்பேன்” என்றார் கோபால். “இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. எனக்கு அந்தக் காது கேக்காது.”

தாகமாக இருந்தது. ஐஸ் தண்ணீர் இருக்குமா என்று கேட்டேன்.

“எங்க வீட்டுல வெந்நிதான். ஐஸ்னா என்னா மிஸ்? காய்ச்சாத தண்ணிதான? கெட்டியானா நல்லதாயிடுமா?”

வெந்நீரைக் குடித்தேன். அன்று ஒரு புதிய தொகுதி போடும் நாள். வேலையை நிறுத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம், செய்யுங்கள், பார்க்கிறேன் என்றேன். அரை மணி நேரம் நிற்க நினைத்தவள் மூன்று மணி நேரம் நின்றேன். என் குறிப்பேட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

ஒன்று: இறால் விடியற்காலைப் படகில் வந்தது, ஓடு கண்ணாடி போல இருக்க வேண்டும், தலைக்குக் கீழே கருமை தட்டியிருந்தால் ஒதுக்கிவிடுகிறார். இரண்டு: கத்தரியால் மீசை, முள், கால் நுனி. முதுகில் இரண்டாம் மூட்டில் ஈர்க்குச்சி நுழைத்துக் குடலை இழுக்கிறார், ஒரே இழுப்பு, அறுவதில்லை. மூன்று: கழுவுவது குழாய் நீரில் அல்ல, காய்ச்சி ஆற வைத்த உப்பு நீரில். நான்கு: முறத்தில் சாய்த்து வடிய விடுகிறார், இறாலில் ஒட்டிய நீரும் உப்பைக் குறைக்கும் என்கிறார். ஐந்து: கிச்சாப் என்னும் சோயாச் சாறு, உப்பு, காய்ந்த கடற்பாசி, இஞ்சி, பூண்டு, காய்ந்த மிளகாய், லெங்குவாஸ் என்ற அரத்தைக் கிழங்கு, செராய் என்ற எலுமிச்சைப்புல் தண்டு. கொதி, நுரையெடு, முழுக்க ஆறவிடு, ஊற்று. ஆறு: மறுநாள் நீரை மட்டும் வடித்துக் காய்ச்சி, ஆற்றி, திரும்ப ஊற்றுகிறார். ஏழு: அதற்கு மறுநாளும் அப்படியே. எட்டு: விற்கும்போதுதான் பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு, சயாம் மீன் சாறு, புதினா.

“எதுக்கு மூணு தரம் காய்ச்சணும் அண்ணே?”

“முட்டையப் பாருங்க, தெரியும்.”

காலையில் இட்ட முட்டையை ஊறல் நீரில் விட்டார். பழைய முட்டை எந்த நீரிலும் மிதந்துவிடும், அன்றைய முட்டை மட்டும்தான் பொய் சொல்லாது என்றார். முட்டை மிதந்தது. மேலே தெரிந்த வட்டம் சரியாகப் பத்துக் காசு அளவு. “எறாலு தண்ணி விட்டுக்கிட்டே இருக்கும் மிஸ். மறுநாளு இந்த வட்டம் சின்னதாயிடும். காய்ச்சுனா திரும்பப் பெருசாவும். மூணாம் நாளுக்கு அப்புறம் அசையாது.”

என் பையில் ஹைட்ரோமீட்டர் இருந்தது. கனமான நீரில் உயர்ந்தும் இலேசான நீரில் தாழ்ந்தும் மிதக்கும் கண்ணாடிக் கருவி. உடம்பில் கோடுகள் இருக்கும். அதை எடுத்துப் போகச் சொல்லி எந்த விதியும் இல்லை, என் சொந்தப் பட்டியலில் இருந்ததால் எடுத்துப் போயிருந்தேன். அதைக் கொதிநீரில் கழுவச் சொல்லி, நீராவியில் காட்டச் சொல்லி, பிறகுதான் அனுமதித்தார். மூன்றாம் நாள் தாண்டிய ஜாடிகள் ஐந்து. ஒவ்வொன்றாக அளந்தேன். இருபத்திரண்டாம் கோடு. இருபத்திரண்டு. இருபத்திரண்டு. ஐந்திலும் அதே கோடு.

பினாங்கில் தராசும் அளவுக்குடுவையும் வைத்து நாங்கள் கலக்கிய கரைசல்கள்கூட இப்படி ஒத்துப்போனதில்லை. சமையலறை நடுவில் எனக்குப் புல்லரித்தது.

“என்னா சொல்லுது உங்க கண்ணாடி முட்டை?”

“உங்க முட்டை சொன்னதையேதான் சொல்லுது.”

“பரவால்ல. நல்ல கோழிதான் இட்டிருக்கு.”

எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். சொல்லும்போதும் கை நிற்கவில்லை. யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். காவலர்களின் சமையல் கொட்டகையில் வேலை. ஆற்றுப் படகில் வந்த ஒரு சயாம்காரி பச்சை இறாலில் எலுமிச்சையும் மிளகாயும் பிழிந்து விற்பாளாம். கொட்டகைக் காவலுக்கு ஒரு கொரியாக்காரன்.

“இந்தக் காது அவன் அடிச்சதுல போனதுதான். ஆனா ஜாடியப் பத்திப் பேசறப்ப மட்டும் மனுசனாயிடுவான். அவங்க ஊர்ல கிச்சாப்புல ஊறவைப்பாங்களாம். அவன் பேசுறது எனக்குப் பாதி புரியாது. மூணு வெரலக் காட்டுவான். அவன் அம்மா மூணு தரம் காய்ச்சுமாம். சொல்றப்ப கண்ணு கலங்கிடும். மறுநாளு திரும்ப அடிப்பான்.”

இன்னொரு இறாலில் ஈர்க்குச்சியை நுழைத்து இழுத்தார்.

“அப்புறம் காலரா வந்துச்சு. எங்க கொட்டாயில நாப்பது பேரு படுத்தோம், காலைல எந்திரிச்சது பதினோரு பேரு. எல்லாம் ஆத்துத் தண்ணி குடிச்சது. நான் சமையல் கொட்டகைல காய்ச்சுன தண்ணி குடிச்சவன். அதான் இங்க நிக்கிறேன். காய்ச்சாத தண்ணிய இன்னிக்கும் வாயில வைக்கமாட்டேன்.”

மாதிரி எடுக்கும் நேரம் வந்தது. கொதிக்க வைத்த போத்தலை நீட்டினேன். அளந்த ஐந்தில் ஒன்றான, விருந்துக்குப் போன ஜாடியின் மிச்சத்திலிருந்து ஒரு இறாலும் கொஞ்சம் நீரும். போத்தலை நிரப்பியிருக்கலாம். ஆனால் அத்தனை கவனத்தை நேரில் பார்த்தபின் அவருடைய நீரில் தேவைக்கு மேல் ஒரு சொட்டு எடுக்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. பாதிப் போத்தலோடு நிறுத்தி அடைப்பானைப் போட்டேன்.

மூன்று மணி நேரத்தில் என் பெட்டியில் இருந்த ஐஸ் உருகிப்போயிருந்தது. சந்து முனையில் சைக்கிளில் மீன் விற்கிறவரிடம் ஐஸ் வாங்கி, போத்தலின் கழுத்துவரை, அதற்கு மேலும் கொட்டினேன். கூடுதல் ஐஸ், கூடுதல் பாதுகாப்பு. கோபால் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஸ், அது மீன் ஐஸ்.”

“போத்தல் மூடியிருக்கு அண்ணே. ஒண்ணும் ஆவாது.”

படிவத்தின் கடைசி வரியில் எழுதினேன்: ‘கணவர் இறால் சாப்பிட்டார், நலம். மனைவி இறால் சாப்பிட்டார், நோய்.’ உடம்புக்கு உடம்பு வேறுபடும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன், அளக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளைத் திறந்தேன். மனிதக் கழிவிலிருந்து வரும் கிருமிகள் நிறைய வளர்ந்திருந்தன. திரு. நல்லதம்பி பேனாவை மூடினார், கேட்டார், திறந்தார், ‘உண்ணத் தகுதியற்றது’ என்று எழுதினார். திங்கட்கிழமை காலை ஆட்கள் போய் ஏழு ஜாடியையும் கொட்டிக் கார்பாலிக் கிருமிநாசினி ஊற்றுவார்கள். கோபால் இனி இறால் விற்கக் கூடாது. அவரிடம் சொல்லும் வேலை எனக்கு.

அன்று மாலை சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப என் கையிலேருந்துதான் போயிருக்கு.”

“அண்ணே, எப்படியாவது…”

“அந்தப் புள்ளைங்க ரெண்டும் ஆஸ்பத்திரில கெடக்குதே. பதினோரு பேருல ஒருத்தனா வந்து, கடைசில நானே…” கட்டிலில் இருந்த மங்களம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “நீங்க ஆள அனுப்பவேணாம் மிஸ். நானே ஊத்திடுறேன்” என்றார் கோபால்.

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். மேசையைச் சுத்தம் செய்யும்போது மிச்ச மாதிரி கண்ணில் பட்டது. கொட்டுவதற்கு முன் அளந்து எழுதுவது என் பழக்கம். ஹைட்ரோமீட்டர் மிதவையை விட்டேன். இருபதாம் கோடு.

மிதவையைத் துடைத்து மறுபடி விட்டேன். இருபதுதான்.

புதன்கிழமைக் குறிப்பில் ஐந்து தடவை இருபத்திரண்டு எழுதியிருந்தேன். மூடிய போத்தலிலிருந்து உப்பு எங்கே போகும்? எங்கும் போகாது. அப்படியானால் நீர் வந்திருக்கிறது. மூடிய போத்தலுக்குள் நீர் எப்படி வரும்? நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைப் பட்டியலாகப் பிரித்தேன். போத்தலில் பாதி உப்புநீர். மீதிப் பாதி? சூடான சமையலறைக் காற்று. ஐஸில் அந்தக் காற்று சுருங்கும். சுருங்கினால் வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். கழுத்தைச் சுற்றி வெளியில் என்ன இருந்தது?

மீன் ஐஸ் உருகிய நீர்.

என் பணி உறுதிப்படுத்தலுக்கான தாள் அப்போது திரு. நல்லதம்பியின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. நேரே அவரிடம் போனேன். அவர் பேனாவை மூடினார்.

“சார், மாதிரிய நான் கெடுத்துட்டேன்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறீரோ, அளந்தீரோ?”

“இப்போ அளக்குறேன்.”

சுத்தமான உப்புநீர் பாதிப் போத்தல், அதே கண்ணாடி அடைப்பான். ஐஸ் பெட்டியில் தண்ணீரோடு நீல மையைக் கரைத்து, போத்தலைக் கழுத்துவரை அமிழ்த்தினேன். திரு. நல்லதம்பி தன் நாற்காலியை இழுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் ஒரு பெண் ஊழியரின் மேசைக்கு வந்து உட்கார்ந்ததை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அடைப்பானுக்கும் கழுத்துக்கும் இடையே மயிரிழை போல ஒரு நீலக் கோடு இறங்கியது. சொட்டாகத் திரண்டது. விழுந்தது. தெளிந்த நீரில் புகைபோல விரிந்தது.

எத்தனையோ தடவை நான் மூடிய அடைப்பான் அது. கையால் அசைத்தால் அசையாது. அதன் வழியாக நீர் தானாகவே உள்ளே நடந்துபோவதை இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தோம்.

“மூன்று தரம் செய்யும்” என்றார்.

அவர் மூன்று விரலைக் காட்டியபோது எனக்குச் சயாம் கொட்டகை நினைவுக்கு வந்தது. மூன்று தரமும் நீலம் இறங்கியது. நாலாவதாக நானே ஒன்று செய்தேன்: போத்தலை விளிம்புவரை நிரப்பி, ஐஸைத் தோளோடு நிறுத்தினேன். நீலம் இறங்கவில்லை.

“இப்ப சொல்லும்.”

சொன்னேன். பாதி நிரப்பியது, கழுத்துவரை ஐஸ், யாரிடம் வாங்கிய ஐஸ், கோபால் எச்சரித்தது, நான் சொன்ன பதில். எதையும் விடவில்லை. அவர் அறிக்கையை எடுத்து, ‘உண்ணத் தகுதியற்றது’ என்பதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டார். ‘மாதிரி எடுத்தவர் பிழை’ என்று பக்கத்தில் எழுதி, என்னிடம் பேனாவை நீட்டினார். கையெழுத்திட்டேன். பேனாவைத் திரும்ப வாங்கி, என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் போட்டார்.

“சார், நீங்க எதுக்கு?”

“போத்தலை நிரப்பச் சொல்லி விதியில எழுதாதது ஆர்? நான்தானே. வாரும், போவம். அந்த மனிசன் திங்கள் வரைக்கும் பொறுப்பாரோ தெரியேல்லை.”

பொறுக்கவில்லை. சந்துக்குள் திரும்பும்போதே கிச்சாப்பும் இஞ்சியும் கலந்த வாசனை வந்துவிட்டது. ஒரு ஜாடி கவிழ்ந்து உடைந்து கிடந்தது, சாக்கடை ஓரம் கறுப்பாக நனைந்திருந்தது. கோபால் இரண்டாவது ஜாடியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். அவருடைய மச்சான், அந்தத் தாய்மாமன், கை கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஊத்தாதீங்க!” என்று கத்தினேன். காது கேட்காத பக்கத்திலிருந்து கத்தினேன் என்பது பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய் ஜாடியின் வாயில் கையை வைத்தேன்.

“தொடாதீங்க மிஸ்! கை கழுவுனீங்களா?” என்றார் அவர். கொட்டப் போகிற ஜாடிக்கு!

திரு. நல்லதம்பி சப்பாத்தைக் கழற்றி வாசலோரம் வைத்தார். கோபாலின் முன்னால் போய் நின்றார்.

“பிழை எங்கட பக்கம். நாங்கள் பிழை விட்டிட்டம். உம்மட ஜாடி கெட்டதெண்டு நாங்கள் இதுவரைக்கும் அளக்கவே இல்லை.”

கோபால் ஜாடியைக் கீழே வைக்கவில்லை. அதைப் பிடித்தபடியே நின்றார்.

“அப்ப அந்தப் புள்ளைங்க?”

அதுதான் மிச்சமிருந்த கேள்வி. என் படிவத்தின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. ஒரே வீடு, ஒரே ஜாடி, ஒருவருக்கு நோய், ஒருவருக்கு இல்லை.

“அண்ணே, அக்கா சாப்பிட்டு நீங்க சாப்பிடாதது எது?”

“சாப்பாடெல்லாம் ஒண்ணுதான். அவ ரோஸ் சிரப்புத் தண்ணி குடிச்சா. நான் தொடல. ஐஸ் மெதந்துச்சு.”

நான் மச்சான் பக்கம் திரும்பி, சிரப்புக்கு ஐஸ் எங்கே வாங்கினீர்கள் என்று மலாயில் கேட்டேன். அவர் கட்டியிருந்த கையை மெல்ல இறக்கினார். மெர்டேக்கா என்பதால் கடைகளில் நல்ல ஐஸ் எல்லாம் முதல் நாளே தீர்ந்துபோயிருந்தது. வந்தவர்களுக்குச் சூடான சிரப்பையா கொடுப்பது? முனையில் மீன் விற்கிறவரிடம் வாங்கிக் கழுவிப் போட்டார்கள்.

என் படிவத்தில் ‘உணவு’ என்று ஒரு கட்டம்தான் இருந்தது. குடித்ததைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அன்று பிற்பகல் அதே வீடுகளுக்கு மறுபடி போய் ஒரே கேள்வி கேட்டேன். படுத்தவர்கள் எல்லோரும் சிரப் குடித்தவர்கள். இறாலை மட்டும் தின்றவர்கள் ஒருவரும் படுக்கவில்லை. மீன்காரரின் ஐஸிலிருந்து எடுத்த மாதிரியில், என் தட்டில் வளர்ந்த அதே கிருமிகள் வளர்ந்தன. விருந்தைக் கெடுத்த ஐஸ்தான் என் போத்தலையும் கெடுத்திருந்தது. விருந்துக்காரர்கள் செய்ததையே, படித்துப் பயிற்சி பெற்ற நானும் செய்திருந்தேன். எச்சரித்த பிறகும் செய்தேன்.

திங்கட்கிழமை ஆறு ஜாடியிலிருந்தும் புதிதாக மாதிரி எடுத்தோம். விளிம்புவரை. நான் எடுக்கும்போது கோபால், “இன்னும் ஊத்துங்க மிஸ், வெக்கப்படாதீங்க” என்றார். தட்டுகளில் எதுவும் வளரவில்லை. திரு. நல்லதம்பி ‘பச்சை இறால் எல்லாம் பாதுகாப்பானது என்று இது பொருள்படாது, இந்த ஆறு ஜாடிகளில் தீங்கான கிருமி காணப்படவில்லை’ என்று எழுதினார். அளந்ததற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. குழந்தைகள் அந்த வாரமே வீடு திரும்பினார்கள். மச்சான் ஒரு புது மண் ஜாடியைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, ஏழாவது இடத்தில் வைத்துவிட்டுப் போனார் என்று மங்களம் பிறகு சொன்னார்.

அறிக்கையைக் கொடுக்கப் போன அன்று கோபால் ஒரு சிறிய தட்டை என் முன் வைத்தார். ஊறிய இறால், தோல் நீக்கியது, பூண்டுச் சீவல், பச்சை மிளகாய், புதினா. என்னோடு வந்திருந்த திரு. நல்லதம்பி சுத்த சைவம். அவர் கையில் வெந்நீர். நான் பயந்துகொண்டேதான் வாயில் வைத்தேன். முதலில் எலுமிச்சை. பிறகு கிச்சாப்பின் ஆழமான உப்பு. அதன்பின் இறால் பல்லுக்கிடையே வழுக்கிக்கொண்டு இனித்தது, கடலுக்குள் இவ்வளவு இனிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போதுதான் காரம் வந்தது. கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தேன். ஒரு படகுக்காரியின் கை, ஒரு கொடியவனின் தாய், அடிபட்ட ஒருவரின் பொறுமை. அத்தனையும் அந்தச் சிறிய தட்டில் சண்டையில்லாமல் இருந்தன.

“என்ன பிள்ளை, எப்படி இருக்கு?” என்று கேட்டார் திரு. நல்லதம்பி.

“அளக்க முடியல சார்.”

அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போனபோது சட்டத்திலிருந்து விதித் தாள் வெளியே எடுக்கப்பட்டிருந்தது. பத்தாவது விதிக்குக் கீழே மை இன்னும் காயவில்லை. யார் செய்த பிழையால் அந்த விதி வந்தது என்று அதில் இல்லை. என் பணி உறுதிப்படுத்தல் தாளும் என் மேசையில் இருந்தது, கையெழுத்தோடு.

சரோஜாவுக்கு என் பதில் இது. நீ விட்டுப்போன புதிய போத்தலைப் பாதி நிரப்பி, நீல மைத் தண்ணீரில் கழுத்துவரை வைத்துப் பார்த்தேன். மூன்று தரம். ஒரு சொட்டும் இறங்கவில்லை. விதியை அடிக்கலாம். ஆனால் தாளை மாற்றாதே, தட்டச்சும் செய்யாதே. ஒரே ஒரு கோடு போடு. கீழே இருப்பதை வாசிக்க முடியவேண்டும்.